எடுக்க ஆள்

படுக்கை பதினேழு, தணிகாசலம், ஐம்பத்திரண்டு.
நுரையீரலைக் கழுவி எடுத்த நீர்
இருபது மில்லி, அரிசி களைந்த நிறம்.
ஓட்டேரியில் விடியற்காலை மூன்றரை.
லிஃப்ட் ஓடவில்லை.
நானே படியேறிப்போய் வாங்கி வந்தேன்.

தொழில் என்ற கட்டத்தில்
மாநகராட்சி என்று மட்டும் எழுதியிருந்தது.
என்ன வேலை என்றேன்.
ஆக்ஸிஜன் முகமூடியைத் தூக்கி,
"எரிமேடை மேடம். கேஸ் வந்தப்புறம் புகை கம்மிதான்."
ஒரு வாக்கியம், இடையில் நான்கு மூச்சு.

சாயம் காயும்வரை ஃபேனுக்கடியில் நின்றேன்.

லென்ஸுக்குக் கீழே கூட்டம்.
கிருமி வாசம் பிடித்து ஓடிவந்த நியூட்ரோஃபில்கள்,
வேலை முடிந்தும்
திரும்பிப்போக பஸ் இல்லாதவை.
அங்கேயே சாகும்.
சாவதிலும் ஒரு ஒழுங்கு:
கரு சுருண்டு மிளகாகும்,
தோலின் உட்புறம் வெளியே வரும்,
அவசரத்தில் சட்டையைத்
திருப்பிப் போட்டுக்கொண்டவன் மாதிரி.
அந்தத் தையல் தெரிந்தால் போதும்,
பெருவிழுங்கி வந்துவிடும்.

கண்ணாடியில் எல்லாமே உறைந்துதான் கிடக்கிறது.
அசைவு நான் படித்ததிலிருந்து சேர்த்தது:
தடவிப் பார்க்கும். உயிர் இருந்தால் விட்டுவிடும்.
இல்லையென்றால் சுற்றி மெல்ல மூடிக்கொள்ளும்.
மேளமில்லை, பட்டாசில்லை,
பாலம்வரை சாமந்தி இறைப்பதில்லை.
வடசென்னையில் இத்தனை அமைதியாக
ஒரு எடுப்பை நான் பார்த்ததே இல்லை.
விழுங்கி முடித்தபின்
அதுவே தெருவுக்குச் சொல்லும்:
போதும், இனி யாரும் வரவேண்டாம்.

பிந்தினால்தான் வினை.
எடுக்க ஆளில்லாத செல் வெடிக்கும்.
கிருமிக்கென்று தீட்டிவைத்ததெல்லாம்
பக்கத்து வீட்டுச் சுவரில் கொட்டும்.
கிருமியால் தொடங்கிய காய்ச்சல்
பிணங்களால் நீளும்.

நூறு எண்ண வேண்டும். எண்ணினேன்.
நியூட்ரோஃபில் எண்பத்தொன்று.
பெருவிழுங்கி ஆறு.
ஆறில் நான்கின் வயிற்றில் கரித்துணுக்கு,
இருபது வருஷத்துப் புகை.
யாருடையது என்று எழுத
படிவத்தில் இடமில்லை.

ரிப்போர்ட்டோடு மேலே போனபோது விழித்திருந்தார்.
உள்ள என்னா இருக்கு, என்றார்.
செத்துப்போன செல், நிறைய.
எடுக்க ஆள் இருக்கா?
இருக்கு, நூத்துக்கு ஆறு.

முகமூடிக்குள் கண்ணாடி பனித்தது.
இருமலா சிரிப்பா தெரியவில்லை.
"பரவால்ல மேடம்.
நைட்டு ஷிஃப்டுக்கு எங்களுக்கு
ரெண்டே பேருதான்."