துணைக் கேள்வி

கோவில்பட்டி தாண்டியும் கண் மூடவில்லை.
கைப்பையைத் தலைக்கு வைத்து
அவைக் குறிப்பின் நகலைப் புரட்டுகிறேன்.
நான் பேசியது ஒன்றரைப் பக்கம்.
அதற்குள் மூன்று இடத்தில் ‘சிரிப்பு’
என்று அடைப்புக்குறி போட்டிருக்கிறார்கள்.

முதல் கேள்வி சுற்றுலா.
‘நடுவன்குளத்தில் பூநாரை பார்க்க வருகிறவர்களுக்கு
அரசு கட்டிய கழிப்பறையின் சாவி
இப்போது யாரிடம் இருக்கிறது என்பதை
மாண்புமிகு அமைச்சர் அறிவாரா?’
சிரிப்பு.
சிரிக்க வைக்க நான் கேட்கவில்லை.
பள்ளிக்கூட வேனில் வந்திறங்கும் பெண்பிள்ளைகள்
சுடலைவடிவு வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள்.
அவள் இருக்கிற குடத்தைக் கொடுத்துவிட்டு
அடுத்த குடத்துக்குக் குழாயடியில் நிற்கிறாள்.
அமைச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:
‘பறவைகளின் வருகை பதினெட்டு விழுக்காடு உயர்ந்துள்ளது.’
மேசைகள் அதிர்ந்தன.
நாரை பறந்து வந்ததும்
அரசாணைப்படிதான் போல.

அடுத்தது விளையாட்டு.
எங்கள் பிள்ளைகள் செம்மண்ணில் கபடி பாடிப் பழகியவர்கள்.
மாநிலத் தேர்வு மேட்டில் நடந்தது.
கால் வழுக்கி, முதல் சுற்றிலேயே வெளியே.
மேட் வழங்கியாகிவிட்டது என்றார் அமைச்சர்.
பொய்யில்லை. வந்தது.
தலைமையாசிரியர் அறையில் பீரோவுக்குப் பின்னால்
எலி தின்றது போக மிச்சம் அடுக்கியிருக்கிறது.
‘விரிக்க ஒரு கூரை?’ என்றேன்.
‘அது பொதுப்பணித் துறைக்கான கேள்வி.’
பொன்னுருவியின் முழங்கால் காயம் எந்தத் துறை
என்று கேட்க வாயெடுத்தேன்,
மணி அடித்துவிட்டார்கள்.

பிறகு மைமூன் பீவி.
முப்பத்தாறு வருஷம் பீடி சுற்றியதில்
விரலில் ரேகை இல்லை.
பென்ஷன் இயந்திரம் அவளைத் தெரியாது என்கிறது.
‘விழியைப் பதிவு செய்யலாமே’ என்றார் அமைச்சர்,
அன்பாகத்தான்.
‘கண்ணில் புரை’ என்றேன்.
சிரிப்பு. இதற்குமா?
‘பொறவு என்னதான் செய்யச் சொல்லுதிய?’
என்று எதிர்வரிசையில் ஒரு நம்மூர்க் குரல் கேட்டது.
அன்றைக்குக் கேட்ட ஒரே நல்ல கேள்வி.
குறிப்பில் அது இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன் அந்த வரிசையில் நான் இருந்தேன்.
ஒல்லியாக ஒருத்தர், களக்காட்டுப் பக்கம்,
எழுந்து இதே ரேகையைக் கேட்டார்.
‘ஆய்வில் உள்ளது’ என்றார் எங்கள் அமைச்சர்.
தட்டினேன்.
அந்த மேசையின் வழவழப்பு
உள்ளங்கைக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நெல்லை சந்திப்பில் காரோடு நின்றார் சுயம்புலிங்கம்,
எங்கள் கிளைச் செயலாளர்.
டீ வாங்கித் தந்தார். வண்ணாரப்பேட்டை வரை பேசவில்லை.
பிறகு, ‘யக்கா, டிவியில பாத்தேன்.
சாவியக் கேட்டியள்லா...’
‘ஆமா.’
‘எங்கிட்டதான் இருக்கு.
நம்ம ஆட்சியில தொறப்பு விழா முடிஞ்சி
பூட்டி வச்சேன். பொறவு ஒருத்தரும் கேக்கல.’
பைக் சாவியோடு அதே வளையத்தில் தொங்கியது.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
நல்லவேளை, எழுத ஆளில்லை.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே நடுவன்குளம்.
பூட்டு துருவேறி அசையவில்லை.
சுடலைவடிவு தேங்காயெண்ணெய் கொண்டுவந்து ஊற்றினாள்.
திறந்தது.
வெள்ளை ஓடு, இன்னும் லேபிள் உரிக்காத பீங்கான்,
சுவரில் எங்கள் தலைவர் படம்.
அவள் குழாயைத் திருகினாள்.
காற்றுகூட வரவில்லை.
வெளியே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள்.
மண்ணுக்குள் பைப்பே இல்லை.

‘தண்ணி எப்பம் வரும்?’
என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.
குளத்தில் ஒரு கூட்டம் எழும்பி மறுபடி இறங்கியது.
சுயம்புலிங்கம் செருப்பைப் பார்த்தார்.
ஆய்வில் உள்—
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.