கசிவு

ஆர்ஹுஸில் நவம்பர், நாலரைக்கே இருட்டு.
சிட்செல் நுண்ணோக்கி அறையை
இன்னும் கொஞ்சம் இருட்டாக்குகிறாள்.

சாயம் முன்பே உள்ளே போய்விட்டது,
எண்ணெய்ப்பசை முகமூடி ஒன்றைப் போட்டுக்கொண்டு.
செல்லின் நொதிகள் முகமூடியைக் கத்தரித்துவிட்டன.
இனி வெளியே வர வழியில்லை;
கால்சியம் வந்து தொட்டால் ஒளிரலாம்,
அவ்வளவே அதற்கு விதித்தது.

இப்போது ஒரு சொட்டு.
சார்டீனியச் சரிவில் ஆடுகள் மோந்துவிட்டு விலகும்
மஞ்சள் குடைப்பூச் செடியின் வேரிலிருந்து எடுத்தது.
எதையும் உடைக்காது அது.
கால்சியத்தை ஓயாமல் கிடங்குக்கு இறைக்கும்
பம்பின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இறைக்கிற கை நின்றால்தான் தெரிகிறது
படகில் ஓட்டை
எப்போதும் இருந்தது.

திரையில் வெடிப்பு ஒன்றுமில்லை.
ஓரத்துச் செல் மெல்ல வெளுக்கிறது,
அடுத்து அதன் பக்கத்தது,
பிறகு எண்ணி முடியாதபடி.

பதினேழாவது மட்டும் சாம்பலாகவே.

சாயம் ஏறவில்லையா?
இல்லை, இந்த வேருக்கு மசியாத
வேறொரு பம்பு உள்ளே
யாருக்கும் தெரியாமல் இறைத்துக்கொண்டிருக்கிறதா?

நோட்டில் ஒரு கேள்விக்குறி.
சைக்கிள் சாவியைக் கையில் எடுத்தவள்
மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு
அடுத்த தட்டை எடுக்கிறாள்.