காற்று: பூஜ்யம்

பதினேழு முறை.
பதினேழு முறையும் விமானம் விழவில்லை,
அதைத்தான் யாருக்கும் விளங்கவைக்க முடியவில்லை.
இறக்கைகள் சமமாக, இரண்டு எஞ்சினும் சீராக,
ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி
மூவாயிரம் அடியில் நன்றாகத்தான் வரும்.
உலகம்தான் விழும்.
மலை நின்றபடி உறையும்,
இரைச்சல் ஒரே எழுத்தில் இழுபடும்,
பிறகு திரையில்
அக்கா மகளுக்குக் காது குத்திய படம்.

என் அறை பணகுடியில், ரயில்வே கேட்டுக்குப் பக்கம்.
பகலில் காற்றாலைகளுக்கு கிரீஸ் அடிக்கிற வேலை.
எண்பது மீட்டர் ஏணி ஏறி இறங்கினவனுக்கு
ராத்திரியும் எதற்கு ஆகாயம் என்று
மெஸ்ஸில் கேட்பார்கள்.
ரசம் ஆறிவிடும், நான் பதில் சொல்வதில்லை.

மந்திரமூர்த்திக்கு வள்ளியூரில் கம்ப்யூட்டர் கடை.
"வே, மெமரியக் கழத்தி அழிரப்பர் வச்சுத் தேயும்."
தங்கப் பற்கள் மினுங்கத் தேய்த்தேன்.
"டிரைவரப் புதுசாப் போடும்." போட்டேன்.
"பழசுக்கே திரும்பிரும்." திரும்பினேன்.
"சூடுவே, சூடு."
பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பிவைத்ததில்
எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியேறின.
அன்றைக்கு நாலு நிமிஷம் கூடுதலாகப் பறந்தேன்.
மெதுவாகப் போயிருக்கிறேன், அவ்வளவுதான்.

பிழைப் பதிவேட்டில் கடைசி வரி
எப்போதும் பாதியில் நிற்கும்.
தாலுகா ஆபீசில் மனுவைத் திருப்பின மாதிரி
காரணம் சொல்லாமல் ஓர் எண்.
அது எனக்கு மனப்பாடம்,
சொந்த போன் நம்பர் மறந்த நாளிலும்.

பிறகு பாதி பாதியாகப் பிரிக்கிற வேலை.
இறக்கிச் சேர்த்த நிலக்காட்சிகள் அறுபத்துநான்கு.
முப்பத்திரண்டை ஒதுக்கினேன். விழுந்தது.
பதினாறோடு பறந்தேன். விழுந்தது.
ஒவ்வொரு தடவையும் திருவனந்தபுரத்தில் கிளம்பி
இருபது நிமிஷம் மேகத்தையே பார்க்கவேண்டும்.
எட்டு. நாலு.
கொழும்பு குற்றவாளி இல்லை. சிங்கப்பூர் இல்லை.
விடிகாலை மூன்றரைக்கு மிஞ்சியது ஒரே கோப்புறை.
பெயர்: பணகுடி.
ஆக்கியவர்: நான்.

போன வருஷம் கால் சுளுக்கி ஏணி ஏறாத மூன்று வாரத்தில்
ஒவ்வொன்றாக வரைந்த நூற்றுப்பன்னிரண்டு காற்றாலைகள்.
சுற்றுவதற்கு ஒரு சின்னக் கணக்கு எழுதியிருந்தேன்,
ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி என்று,
காற்றின் வேகத்தால் வகுத்து.

வானிலைப் பக்கத்தைத் திறந்தேன்.
காற்று: பூஜ்யம்.
முதல் நாளே நான் வைத்தது.
குறுக்குக் காற்றில் இறக்கத் தெரியாத பயத்தில் வைத்தது.
பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால்
எந்த உலகம் விழாது?

வெளியே ஆடிக் காற்று
பக்கத்துக் கூரையின் தகரத்தை உலுக்கிக்கொண்டிருந்தது.
இந்த ஊரில், இந்த மாதத்தில்,
ஜன்னலுக்கு அட்டை செருகி உட்கார்ந்துகொண்டு
காற்றில்லாத பணகுடியை ஒருவன் பறந்திருக்கிறான்
இருபத்துமூன்று முறை.

கணக்கைத் திருத்தியிருக்கலாம். ஒரே வரி.
திருத்தவில்லை. காற்றைத் திறந்துவிட்டேன்,
தென்மேற்கிலிருந்து, இருபத்தெட்டு நாட்.

கணவாய் தூக்கிப் போட்டது.
கீழே நூற்றுப்பன்னிரண்டும் சுற்றின.
அடியில் நின்று பார்த்ததுண்டு, உச்சியில் தொங்கியதுண்டு.
இப்படி மேலேயிருந்து
ஒன்றாகச் சுற்றிப் பார்த்ததில்லை.

வாகைக்குளம் ஓடுபாதை பக்கவாட்டில் நழுவியது.
இடது சக்கரம் தொட்டது,
பிறகு இறக்கை நுனி,
பிறகு உடைமரக் காடு.

கண்ணாடி முழுக்கச் செம்மண். எங்கோ ஒரு சைரன்.
நொடி முள் ஓடிக்கொண்டுதான் இருந்தது.
மலை இருந்த இடத்தில் இருந்தது.

ஆறு மணிக்கு மந்திரமூர்த்தி கூப்பிட்டான்.
"என்னவே, ஆச்சா?"
"விழுந்துட்டு."
"மறுபடியுமா?"
"இல்லவே. இப்பதான் மொதத் தடவ."