கேட்டு மூடியிருந்தால்

எப்படித்தான் சமாளிக்கிறே என்று
காலையில் பஞ்ச் மிஷின் முன்னால் கேட்டாய், பரீதா.
பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த என் விரலை
மிஷினுக்கு அடையாளம் தெரியாத நேரம் அது.
மூன்றாவது முறையும் சிவப்பு விளக்கு.
பதில் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதே.
இப்போது சாப்பாட்டு மணி,
இருபது நிமிடம் இருக்கிறது.

வெங்காயத்தை ராத்திரியே நறுக்கிவிடு.
என் வீட்டு ஐஸ்கிரீம் டப்பாவில்
ஐஸ்கிரீம் இருந்து இரண்டு வருஷம் ஆகிறது.
லோகித் இன்னும் நம்பிக்கையோடு
திறந்து பார்க்கிறான்.

குக்கரை ஏற்றிவிட்டு அடிபம்புக்குப் போ.
ஆறாவது குடம் நிறையும்போது
நாலாவது விசில் மாடியிலிருந்து கூப்பிடும்.
கூப்பிடவில்லை என்றால்
கேஸ் தீர்ந்துவிட்டது, ஓடு.

தூங்கும்போதே சாக்ஸ் போட்டுவிடு.
தூங்குகிற கால் சண்டை போடாது.

நேற்றைய இட்லியை நாலாக வெட்டு,
மிளகாய்த்தூள், கறிவேப்பிலை, ஒரு முட்டை.
இட்லி என்றால் முகத்தைத் திருப்புகிற யுவஸ்ரீ
இட்லி சிக்ஸ்டி ஃபைவ் என்றால் தட்டை வழிப்பாள்.
காரட்டைத் துருவி மாவில் கலந்துவிடு.
கண்டுபிடித்தால்
மாவுக் கடைக்காரர் போட்டுவிட்டார் என்று சொல்.
நானும் அப்படித்தான் சொல்கிறேன், அவரும் பாவம்
பிள்ளைகளிடம் திட்டு வாங்குகிறார்.

இதெல்லாம் யாரும் சொல்வார்கள்.
நான் பிழைப்பது வேறு ஒன்றால்.
எங்கள் தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில்
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டு.
ஏழு ஐம்பதுக்கு மூடுவார்கள்.
ஊரே சபிக்கும். மீன்கூடையோடு ஷேர் ஆட்டோ,
ஐஸ் உருகிச் சொட்டுகிற டிவிஎஸ்,
ஹாரன், ஹாரன், யாரையோ திட்டும் ஹாரன்.
நான் ஸ்கூட்டியை அணைத்துவிட்டு
பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டிய
முட்டை தோசையை வெளியே எடுப்பேன்.

பெட்ரோல் டாங்கர் வண்டி வந்தால் அதிர்ஷ்டம்.
ஒரு டாங்கருக்கு ஒரு வாய்,
லோகித் போட்ட சட்டம்.
வீட்டில் அரைத் தோசைக்கு அழுகிறவன்
நாற்பத்தெட்டு டாங்கர் முடிவதற்குள்
மூன்றை முடித்துவிட்டு
இன்னும் வண்டி இருக்கா என்பான்.

அந்நேரம் டில்லிபாபு
எண்ணூர் சாலையில் ட்ரெய்லரில் இருப்பார்.
துறைமுகத்துக்கு உள்ளே போகும் வரிசை,
நகர்ந்தால் நகர்ந்தது.
போன் வரும்: சாப்டீங்களா?
கேட்டுல நிக்கறோம்.
நானும் கேட்டுலதான்.
ஸ்பீக்கரில் போட்டு ஹேண்டில்பாரில் வைப்பேன்.
அவர் புளிச்சோறு மெல்லுவது கேட்கும்,
இங்கே ரயில் போவது அங்கே கேட்கும்.
நாங்கள் நாலு பேரும் சேர்ந்து சாப்பிடுவது
ஒரு நாளில் அந்த ஒருவேளைதான்.

போன வியாழக்கிழமை
கேட்டு திறந்திருந்தது.

எல்லோரும் பறந்தார்கள்.
பின்னால் ஹாரன், நானும் பறந்தேன்.
தண்டவாளம் தடதடவென்று
சக்கரத்துக்குக் கீழே போய்விட்டது.
ட்ரெயின் வரலையேம்மா என்றான் லோகித்,
கையில் பிரிக்காத தோசை.
பள்ளிக்கூடத்து வாசலில் பத்து நிமிடம் சீக்கிரம்.
ஓரமாய் நின்று சாப்பிடு என்றேன்.
எதை எண்ணுவது என்று கேட்டான்.
வேனை எண்ணு என்றாள் யுவஸ்ரீ.
இரண்டு வேன் வந்தது. மூன்றாவது வரவில்லை.
தோசை சாயங்காலம்வரை என் பையில் இருந்தது,
இதே தையல் மிஷினுக்குக் கீழே.
அவரும் போன் செய்தாராம்,
நான் வண்டியில் இருந்தேன், எடுக்கவில்லை.

மேம்பாலம் வரும் என்கிறார்கள்.
வரட்டும், ஆம்புலன்ஸ் போகவேண்டாமா,
பிரசவ வலியோடு யாராவது நிற்கவேண்டாமே.
எனக்கு மட்டும்
அந்த ஏழு நிமிடத்தை எங்கே வாங்குவது என்று
உனக்குத் தெரிந்தால் சொல்.

அய்யோ, மணி அடிக்கிறது.
பேசிப் பேசி என் டப்பாவை மறந்துவிட்டேன்.
உன்னுடையதில் என்ன, நெத்திலியா?
ஒரு வாய் கொடு, சீக்கிரம்,
சூப்பர்வைசர் வருவதற்குள்.