இரண்டாவது பம்ப்

தலை நுழையும், தோள்தான் நுழையாது
என்று மூன்று வாரம் தள்ளிப்போட்டான் கூல்வென்.
எனக்குத் தோள் சின்னது.
அதனால் எஞ்சினுக்குப் பின்னால், டீசல் நாற்றத்தில்,
குப்புறக் கிடப்பவள் நான்.
மேலே நின்று டார்ச் அடிக்கிறான் அவன்,
வேண்டிய இடத்தைத் தவிர எல்லா இடத்திலும்.

ஜூனில் அசோர்ஸ் தீவுகள். கொன்கார்னோவிலிருந்து
பத்துப் பன்னிரண்டு நாள், காற்று ஒத்துழைத்தால்.
ஒரு பம்ப் போதும் என்பது அவன் கட்சி.
பதினெட்டு வருஷமாக ஓடுகிறதே, ஒருநாள் நின்றதுண்டா?

கெம்பேர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் வார்டு எனக்கு.
நின்றதே இல்லை என்று பேர் வாங்கிய இயந்திரங்களோடு
இரவு முழுக்க விழித்திருப்பவள்.
அதை அவனிடம் சொல்லவில்லை.
ஹோஸுக்கு இரண்டு கிளிப் எடு என்றேன்.

பழையது அடிக்குழியில், வண்டலில் உட்கார்ந்திருக்கிறது.
புதியது ஒரு சாண் மேலே.
கால் நனையாமல் நிற்பதுதான் அதற்கு உத்தியோகம்.
அது ஓடினால்
கீழே இருப்பவன் செத்துவிட்டான் என்று அர்த்தம்.
தனி பேட்டரி, தனி ஃபியூஸ், தனி மிதவை,
கூடவே ஒரு அலாரம்.
காதைப் பொத்திக்கொண்டு கூல்வென் கேட்டான்:
"இதை அணைக்க சுவிட்ச் எங்கே?"
எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்.
நான் வைக்கவில்லை.

பிறகு துளை.
உள்ளே வரும் நீரை வெளியேற்ற
படகை நாமே ஓட்டை போட வேண்டும்.
நீர்மட்டத்துக்கு மேலே ஒரு முழம். அளந்தது நான்,
மறுபடி அளந்தது அவன்,
பக்கத்துப் படகு மரிவொன் கூப்பிடாமலே ஏறி வந்து
மூன்றாம் முறை அளந்தாள்.
ட்ரில் சுற்றியது. வெள்ளைத் தூள் என் வாய்க்குள்.
வட்டமாக வெளிச்சம் முழங்கையில் விழுந்தது,
படகு கட்டியதிலிருந்து அந்த மூலை பார்த்த முதல் பகல்.

பழையதன் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு
துறைமுகக் குழாயடியிலிருந்து வாளி வாளியாக நல்ல தண்ணீர்.
ஏழாவது வாளியில் மிதவை தலை தூக்கியது.
அலாரம். மரிவொனின் நாய் பதில் சொன்னது.
வெளியே கட்டைவிரல் தடிமனில் ஒரு தாரை.
கூல்வென் கைதட்டினான், டார்ச்சைத் தண்ணீரில் போட்டுவிட்டு.

மீதியைக் குவளையால் இறைத்து, பஞ்சால் ஒற்றி,
உள்ளங்கையில் ஈரம் ஒட்டாத அளவு காயவைத்தோம்.
இறைக்கிற கிணறு ஊறும் என்பார்கள்.
அது கிணற்றுக்குச் சொன்னது.

காலையில் அடிக்குழியில் இரண்டு விரற்கடை நீர்.
பழையதன் ஃபியூஸை மாட்ட மறந்திருந்தோம்.
மழையாக இருக்கும் என்றான்.
நேற்று ஊற்றியதில் மிச்சம் என்றான்.
நான் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

எத்தனை வருஷமோ, நாங்கள் தூங்கும்போது
அரை நிமிடம் எழுந்து, துப்பிவிட்டு,
மறுபடி படுத்திருக்கிறது பழைய பம்ப்.
நல்ல வேலைக்காரன்,
ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கூல்வென் பேசவில்லை. ஸ்வெட்டரைக் கழற்றினான்,
தலையை நுழைத்தான், தோள் மாட்டிக்கொண்டது,
அப்படியே கிடந்தான்.
இப்போது டார்ச் என் கையில்.
புரொப்பெல்லர் தண்டு வெளியேறும் இடத்தில்
ஒரு சொட்டு திரண்டது, நீண்டது, விழுந்தது.
கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன், வார்டில் எண்ணுவதுபோல.
நிமிடத்துக்கு நாற்பத்தொன்று.