எல்லி

என் அம்மா பெயர் நெஃபெலி. மேகம் என்று பொருள்.
அலெக்ஸாண்ட்ரூபோலியில் துறைமுகத்துக்குப் பின்தெருவில்
சலவைக்கடை வைத்திருக்கிறாள்.
நீராவி எழும்பினால்
பெயருக்குப் பொருத்தமாய்
செருப்பு மட்டும்தான் தெரியும்.

கதையிலும் நெஃபெலிக்கு ஒரு மகள்.
பலிமேடையிலிருந்து பிள்ளைகளைத் தப்புவிக்கப்
பொன்மயிர்க் கடா ஒன்றை அனுப்பினாள் தாய்.
பறக்கையில் மகள் குனிந்து பார்த்தாள்.
அவ்வளவுதான்.
விழுந்த நீருக்கு அவள் பெயரே ஒட்டிக்கொண்டது:
எல்லிஸ்போந்தோஸ், எல்லியின் கடல்.
கூடப்போன உடன்பிறந்தான் பத்திரமாய்க் கரைசேர்ந்தான்,
சுமந்துவந்த கடாவையே அறுத்தான்,
தோலை மரத்தில் மாட்டினான்.
அவன் பெயரில் ஒரு குட்டைகூட இல்லை.

"மூழ்கினவள் பெயரையா வைப்பது?" என்றாராம் அப்பா.
மத்தி பிடிக்கப் போகிறவர்,
கடலுக்கு ஞாபகசக்தி அதிகம் என்று நம்புகிறவர்.
பாதிரியார் தன் பட்டியலைப் புரட்டினார்,
எல்லி என்றொரு புனிதை அகப்படவில்லை.
எலெனி என்று சொல்லித் தொட்டியில் மூன்றுதரம் முக்கியெடுத்தார்.
ஆக, என் முதல் முழுக்கே
வேறொருத்தி கணக்கில்.

அம்மா விடவில்லை.
"அந்தத் தாய் ஒரு தடவை கூப்பிட்டதாகக்கூடக் கதையில் இல்லை.
நான் கூப்பிடுவேன்."
கூப்பிட்டாள்.
பள்ளிக்கு, சோற்றுக்கு, சும்மாவும்.

முப்பத்தொன்றாம் வயதில், ஒரு கோடைக்கடைசியில்,
அந்த நீரிணையை நீந்தப் போனேன்.
ஐரோப்பாவில் இறங்கி ஆசியாவில் ஏற வேண்டும்.
தலையில் மஞ்சள் ரப்பர்த் தொப்பி, எண் 312.
நடுவழியில் நீரோட்டம் இடுப்பைப் பற்றி இழுத்தது.
வேண்டாம் வேண்டாம் என்றிருந்தும்
குனிந்து பார்த்தேன்.
பச்சை. அதற்கும் கீழே, பச்சைகூட இல்லை.

துருக்கிக் காவல்படகு ஒன்று அருகில் வந்தது.
மீசைக்காரர் பெயர் கேட்டார்.
"எல்லி!"
தொப்பியை உற்றுப் பார்த்து மறுபடி கேட்டார்.
"எல்லி! எல்லி!"
அவர் தலையாட்டினார், இல்லையென்று.
ஒரு கையில் ஐந்து விரல் விரித்து,
மறுகையில் சுழியம் வளைத்து,
ஆசியக் கரையைக் காட்டினார்.
அவர் மொழியில் எல்லி என்றால் ஐம்பது.
ஐம்பது எப்போதோ கரையேறிவிட்டதாம்.
சிரித்ததில் ஒரு மடக்கு உப்புநீர்
உள்ளே போயிற்று.

சனாக்கலேயில், துண்டைப் போர்த்திக்கொண்டு,
நடுங்கும் விரலால் கடைக்குப் போன் செய்தேன்.
பின்னால் இஸ்திரி சீறிக்கொண்டிருந்தது.
"ஐம்பது பேசுகிறேன்" என்றேன்.
"ஐம்பதா? கம்பளிக் கோட்டு.
இன்னும் காயவில்லை, வெள்ளிக்கிழமை வாங்க."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
காது வழியே தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.
அங்கே சீறல் நின்றது.

"எல்லி?"