வழக்கமாக எவ்வளவு

எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்.
பெயர் சொல்லுமுன்,
எந்த எலும்பு என்று சொல்லுமுன்,
"வழக்கமாக எவ்வளவு கிடைக்கும்?"

ஆஷ்லாண்டில், செருப்புக் கடைக்கு மேல்மாடியில்
பதினோரு குளிர்காலமாய் இந்தத் தொலைபேசியை எடுக்கிறேன்.
வக்கீல் ஹார்லன் வோய்ட் சொல்லித் தந்த பதில் ஒன்று உண்டு:
"ஒவ்வொரு வழக்கும் ஒவ்வொரு மாதிரி."
பொய்யில்லை.
பதிலும் இல்லை.

சிக்னே ஹால்வர்சன் மட்டும் கேட்கவில்லை.
பேஃபீல்டில், ஏரிக்கரைப் புகைமீன் கூடத்தில்
வெண்மீனைக் கீறி முள்ளெடுப்பவள்.
ஒரு மீனுக்குப் பதினான்கு விநாடி ஆகும் என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
ஆகும் இல்லை, ஆனது என்றாள்.

நவம்பர். பதின்மூன்றாம் நெடுஞ்சாலை.
கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம்.
பீட்சா மணக்கும் சின்னக் கார் ஒன்று
மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்தது.

மருத்துவமனைச் சீட்டுகளைக் கூட்டி
நாங்கள் மூன்றால் பெருக்குவோம்.
எதிர்த்தரப்புக் காப்பீட்டுக்காரர் ஒன்றரையால்.
துண்டுக்கு அடியில் விரல் பிடிக்கிற பேரம்தான்,
துண்டுக்குப் பதில் மின்னஞ்சல்.

வலிக்கு நாட்குறிப்பு வைக்கச் சொல்லியிருந்தோம்.
மூன்று மாதத்தில் நாலே வரி:
மேல்தட்டுக் கோப்பையை எடுக்க முடியவில்லை.
தலை பின்ன அடுத்த வீட்டு டோரிட்டைக் கூப்பிட்டேன்.
கத்தி கீழே விழுந்தது.
கத்தி.

இன்னும் விரிவாக எழுதுங்கள், தொகை கூடும் என்றேன்.
"வலித்தது என்று ஒரு தடவை சொன்னால் போதாதா?"
போதாது, சிக்னே.

பெருக்கி வந்தது
ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்துச் சொச்சம் டாலர்.
நானே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
மறுவாரம் வந்தது அந்தப் பையனின் பாலிசித் தாள்.
காயம்பட்ட ஆளுக்கு இருபத்தைந்தாயிரம்,
அதற்கு மேல் காலணா கிடையாது.
காலேப் ஓஸ்ட்ரம், பத்தொன்பது வயது,
வாடகை அறை, அப்பளமாய் நொறுங்கிய கார்.
அவனிடம் பிடுங்க வேறென்ன இருக்கிறது?
மோதியவனிடம் போதாதபோது கைகொடுக்கும் கட்டம்
சிக்னேயின் பாலிசியிலும் இருந்தது.
அதில் "வேண்டாம்" என்று டிக் செய்திருந்தாள்,
மாதம் ஒன்பது டாலர் மிச்சம் என்று.

எலும்பின் விலை எலும்பில் இல்லை.
மோதியவன் சட்டைப்பையில் இருக்கிறது.
இதைத் தொலைபேசியில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

பங்கீட்டுத் தாளைத் தட்டச்சு செய்தது நான்தான்.
வக்கீலுக்கு மூன்றில் ஒன்று, 8,333.33.
நகல், தபால், பதிவுக் கட்டணம், 612.40.
மருத்துவமனை மனமிரங்கிக் குறைத்துக்கொண்டது, 9,000.
கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி
சிக்னேக்கு 7,054.27.

இருபத்தேழு சென்ட்டை
அவள் இரண்டு தடவை படித்தாள்.

கையெழுத்திட வேண்டிய தாளில்
"இன்று தெரிந்ததும், இனித் தெரியவருவதுமான
எல்லாக் காயங்களுக்கும்" என்று ஒரு வரி.
"இன்னும் வராத வலியையும் விற்றாகிவிட்டதா?"
ஆமாம் என்றேன்.
இடது கையால் எழுதினாள்.
பெயரின் கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப் போயிற்று.

எழுந்தவள் கேட்டாள்:
"அந்தப் பையனுக்குப் பல் போனதாமே, அவனுக்கு எவ்வளவு?"
தப்பு அவன்மேல், ஒன்றுமில்லை என்றேன்.
பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய மீனை எடுத்து
என் மேசையில் வைத்தாள்.
"வேறு யாரோ அறுத்தது,
முள் இருக்கும், பார்த்துச் சாப்பிடுங்கள்."

அன்று மாலை வண்டி நிறுத்துமிடத்தில்
எஞ்சின் சூடாகும் வரை
என் பாலிசியை எடுத்துப் பார்த்தேன்.
மூன்றாவது பக்கம், ஆளுக்கு இருபத்தைந்தாயிரம்.
பனி விழ ஆரம்பித்திருந்தது.
மீன் வாசம் காரெல்லாம்.
வீடு வரை
இருபது மைலுக்கு மேல் அழுத்தவில்லை.